கம்ப்ரஸர் வாங்கும் முன் காற்றை அளந்து பாருங்கள்

வீட்டில் மரவேலைக்கோ வண்டி வேலைக்கோ ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருக்கும் நண்பர்கள் ஏர் கம்ப்ரஸர் வாங்கப் புறப்படும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "24 லிட்டர் போதுமா, 50 லிட்டர் எடுக்கட்டுமா?" கடைக்காரரும் அதே கணக்கில்தான் பேசுவார். "2 எச்.பி., 50 லிட்டர், காப்பர் வைண்டிங்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். இவையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் நம் கையில் இருக்கும் கருவிக்கு லிட்டரும் தெரியாது, எச்.பி.யும் தெரியாது. நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது, என்ன அழுத்தத்தில் வருகிறது, அவ்வளவுதான் அதற்கு வேண்டும். சென்னையில் இருக்கிற நாம் கூடவே இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: அந்தக் காற்றோடு எவ்வளவு தண்ணீர் வருகிறது?

முதலில் லிட்டரைப் பார்த்துவிடுவோம். டேங்க் என்பது மாடித் தொட்டி மாதிரி. தொட்டி பெரிதாக இருந்தால் கொஞ்ச நேரம் தாராளமாகத் திறந்துவிடலாம். ஆனால் கீழே மோட்டார் ஏற்றுகிற அளவைவிட வேகமாக நீங்கள் திறந்துவிட்டால் எவ்வளவு பெரிய தொட்டியும் காலியாகத்தான் செய்யும். 50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தின் அளவு) 5 பாருக்கு இறங்கும்வரை நமக்குக் கிடைப்பது 150 லிட்டர் காற்று. ஒரு சாதாரண எச்.வி.எல்.பி. ஸ்ப்ரே கன் (நிறையக் காற்று, குறைந்த அழுத்தம் என்கிற வகை) 8 சி.எஃப்.எம். கேட்கும். சி.எஃப்.எம். என்றால் நிமிஷத்துக்கு இத்தனை கன அடி; 8 என்பது நிமிஷத்துக்குச் சுமார் 226 லிட்டர். டேங்கில் சேர்த்து வைத்தது அதற்கு 40 நொடிக்கு வரும். அதற்குப் பிறகு பம்ப் என்ன கொடுக்கிறதோ அதுதான் கணக்கு.

அந்தப் பம்ப் என்ன கொடுக்கிறது என்பதில்தான் குழப்பமே. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சி.எஃப்.எம். பல நேரம் பிஸ்டன் கணக்கு. சிலிண்டரின் கொள்ளளவைச் சுற்று வேகத்தால் பெருக்கினால் வருவது. பிஸ்டன் மேலே போனாலும் ஹெட்டில் கொஞ்சம் காற்று தங்கிவிடும். பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் கசியும், உள்ளே இழுக்கும் காற்று சூடாகி விரிந்துவிடும். இதெல்லாம் போக வெளியே உண்மையில் வருவதை எஃப்.ஏ.டி. என்று சொல்வார்கள். சின்ன மெஷின்களில் அது அச்சிட்ட எண்ணில் முக்கால் பங்கு இருந்தால் நல்ல மெஷின். பாதிக்குச் சற்று மேலே நிற்பவையும் உண்டு. ஒரு எச்.பி.க்கு 3 சி.எஃப்.எம். வந்தால் சரி, 4 வந்தால் அருமை என்று நான் வைத்துக்கொள்கிறேன். 2 எச்.பி. மெஷின் 12 சி.எஃப்.எம். தரும் என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

இதை நாமே அளந்துவிடலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கடை. வாசலிலேயே மூன்று நான்கு மெஷின்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கல்லாவில் இருந்தவரிடம், "அண்ணே, இதை ஒரு தடவை ஓட்டிக் காட்ட முடியுமா?" என்றேன்.

"ஓட்டலாமே சார். என்ன பாக்கணும்?"

"காலி டேங்கிலேர்ந்து 6 பார் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கணும்."

பையன் ஒரு 2 எச்.பி., 50 லிட்டர் மெஷினின் டிரெயின் வால்வைத் (டேங்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் திறப்பு) திறந்து மிச்சக் காற்றை வெளியே விட்டான். முள் பூஜ்யத்துக்கு வந்ததும் வால்வை மூடி, அவுட்லெட்டையும் மூடிவிட்டு சுவிட்சைப் போட்டான். நான் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். முதல் 2 பார் மளமளவென்று ஏறியது. 4 தாண்டியதும் முள் நிதானமாகிவிட்டது. 6-ஐத் தொட்டபோது 2 நிமிஷம் 15 நொடி. 50 லிட்டரை 6-ஆல் பெருக்கினால் 300 லிட்டர். அதை இரண்டேகால் நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 133 லிட்டர். சி.எஃப்.எம். ஆக்க 28.3-ஆல் வகுக்க வேண்டும்: 4.7. அந்த மெஷின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 8 என்று இருந்தது.

"எட்டுன்னுல்ல சார் போட்டிருக்கு?" என்றார் அவர்.

"அது பிஸ்டன் கணக்குண்ணே. பொய்யில்லை. ஆனா நமக்கு வெளிய வர்றதுதானே வேணும்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்து நின்றிருந்த, மோட்டார் பெல்ட் வழியாகப் பம்பைச் சுற்றும் பெல்ட் மெஷினையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அதுவும் 2 எச்.பி.தான், டேங்க் 90 லிட்டர். 6 பாருக்கு 3 நிமிஷம் 20 நொடி எடுத்துக்கொண்டது. டேங்க் பெரிது என்பதால் நேரம் கூடியது, ஆனால் கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 162 லிட்டர், 5.7 சி.எஃப்.எம். ஒரே எச்.பி.யில் முழுசாக ஒரு சி.எஃப்.எம். அதிகம். மெதுவாகச் சுற்றும் பெரிய சிலிண்டர் சூடு கம்மியாக, நிதானமாக மூச்சு இழுத்துவிடும். அதன் பலன் இது. பில் புத்தகத்தின் பின்னட்டையில் அவர் அந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டார். அந்த வியாபாரி மேல் எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது. ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

இப்போது நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பாருங்கள். பிளைவுட் ஓரத்துக்கும் பீடிங்குக்கும் பின் கன்னால் (சின்ன ஆணி அடிக்கும் கருவி) அடிக்க மட்டும் என்றால் எந்தச் சின்ன மெஷினும் போதும். ஒரு ஆணிக்கு ஒரு மூச்சுக் காற்றுதான் செலவாகும். டயருக்குக் காற்று, தூசி ஊதுவது, பொம்மைகளுக்கு ஏர்பிரஷ் எல்லாம் இதே வகை. ஏர்பிரஷுக்கு ஒரு சி.எஃப்.எம்.மே அதிகம். நட்டு கழற்றும் அரை இஞ்ச் இம்பேக்ட் ரெஞ்ச் 4-இலிருந்து 5 வரை கேட்கும், ஆனால் விட்டு விட்டுத்தான் ஓடும். அதனால் டேங்க் தாங்கிக்கொள்ளும். ஸ்ப்ரே கன்னில் குறைந்த காற்றிலேயே ஓடும் எல்.வி.எல்.பி. வகை 4-இலிருந்து 6-க்குள் ஓடிவிடும். எச்.வி.எல்.பி. 8-க்கு மேல் கேட்கும். வீட்டில் பாலிஷ் அடிப்பவர்கள் கன்னை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் கம்ப்ரஸர் பார்ப்பது நல்லது. கடையில் தலைகீழாக நடக்கும்.

ஏர் சாண்டர் (பலகையைத் தேய்க்கும் கருவி), டை கிரைண்டர், மணல் பீய்ச்சுவது, இவற்றுக்காக வீட்டுக்குக் கம்ப்ரஸர் வாங்காதீர்கள். சாண்டர் ஒன்றே 10 சி.எஃப்.எம்.முக்கு மேல் விடாமல் குடிக்கும். அதற்கு ஈடு கொடுக்கும் மெஷின் பெரும்பாலும் த்ரீ ஃபேஸில்தான் வரும். கரண்டில் ஓடும் சாண்டர் இதே வேலையைப் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் செய்துவிடும். சின்ன கம்ப்ரஸர்கள் பாதி நேரம் ஓடி பாதி நேரம் ஓய்வெடுக்கும்படி செய்யப்பட்டவை. சித்திரை வைகாசி வெயிலில் ஷெட்டுக்குள் அதை இடைவிடாமல் ஓட்டினால் ஓவர்லோட் டிரிப் ஆகும், இல்லையென்றால் ஹெட் வால்வு கரி பிடிக்கும்.

அடுத்தது தண்ணீர். நம் ஊரில் இதைப் பற்றி யாரும் விற்கும்போது பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். 30 டிகிரி வெயிலில் 80 சதவீத ஈரப்பதம் என்பது சென்னைக்குச் சர்வ சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கும். முள் 8 பார் காட்டும்வரை அதை அழுத்தினால், வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்து ஒன்பது, அதனால் கொள்ளளவு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு சின்ன இடத்தில், ஆறிய பிறகு, மூன்றரை கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மிச்சம் 20 கிராமுக்கு மேல் தண்ணீராக விழுந்தே தீரும். நான் அளந்த பெல்ட் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட பத்து கன மீட்டர் காற்றை இழுக்கும். கணக்குப் போட்டால் 200 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர். பெங்களூரில் இருக்கும் ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வாங்கினால் இந்த டம்ளர் கணக்கில் வராது.

வேலை முடிந்ததும் டேங்குக்கு அடியில் ஒரு டப்பாவை வைத்து டிரெயினைத் திறந்து பாருங்கள். முதலில் சீறும், அப்புறம் மங்கிய பழுப்பு நிறத்தில், மேலே ஆயில் படலத்தோடு தண்ணீர் வரும். அந்தப் பழுப்பு டேங்கின் உள்சுவர்த் துரு. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டிருக்கும். தினமும் இதைத் திறந்துவிடுவதுதான் டேங்கின் ஆயுள். ஆனால் மெஷினோடு வரும் டிரெயின் ஸ்க்ரூ குனிந்து, கையை அடியில் விட்டுத் திருக வேண்டிய இடத்தில் இருக்கும். யாரும் தினமும் செய்ய மாட்டார்கள். வாங்கிய அன்றே அதைக் கழற்றிவிட்டு ஒரு எல்போவும் கால் இஞ்ச் பால் வால்வும் போட்டுவிடுங்கள். காலால் தட்டித் திறக்கலாம். திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்வதால் வெளிப்பக்கமும் கவனிக்க வேண்டும்.

டேங்கில் விழாத மிச்சத் தண்ணீர் ஹோஸில் வரும். இங்கே பலர் அதைப் பிடிக்கும் வாட்டர் டிராப்பைக் கம்ப்ரஸர் மேலேயே மாட்டிவிடுகிறார்கள். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே டிராப்பைத் தாண்டிப் போய், ஹோஸின் பாதியில் ஆறி, அங்கே துளியாகும். அந்தத் துளி நேராகப் பலகையில் அடிக்கும் லாக்கர் பூச்சின் மேல். டிராப் இருக்க வேண்டிய இடம் கம்ப்ரஸரிலிருந்து தள்ளி, பத்து மீட்டர் குழாயோ ஹோஸோ கடந்த பிறகு, வேலை செய்யும் சுவர்ப் பக்கம். சரி, அங்கே டிராப்புக்குப் பிறகு ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பது) வைக்க வேண்டுமா, முன்னாலா? பிறகுதான். இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. 8 பாரில் துளிகளைப் பிடித்துவிட்டு ரெகுலேட்டரில் 2 பாருக்கு இறக்கினால், அதே காற்று மூன்று மடங்கு விரிகிறது. நூற்றுக்கு நூறு ஈரமாக இருந்தது 33 சதவீதத்துக்கு வந்துவிடும். மழைக்கால சென்னையில், டிரையர் எதுவும் இல்லாமல், வெளிக்காற்றைவிட உலர்ந்த காற்று கன்னில் கிடைக்கும். டேங்கை 8 பாரில் நிறுத்தி, தேவைக்கு இறக்கிப் பயன்படுத்தும் மெஷினாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான். பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சு அடிப்பவர்கள் கடைசியாக ஒரு சிலிக்கா ஜெல் டப்பாவும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குத் தேவைப்படாது.

ஒன்றை மட்டும் கம்ப்ரஸர் தலையில் போடக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துப் போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்ந்து, சுற்றியிருக்கும் ஈரம் அதன் மேல் படிவதால் வருவது அது. எத்தனை டிராப் மாட்டினாலும் தீராது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கலக்க வேண்டும், இல்லையென்றால் மழை விட்ட நாள் பார்த்து அடிக்க வேண்டும்.

குழாய் என்றதும் வீட்டு பிளம்பிங்கில் மீந்த பி.வி.சி. பைப்பைப் பலர் எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய் உடைந்தால் பீய்ச்சும், நின்றுவிடும். அழுத்திய காற்று ஸ்பிரிங் போல் சக்தியைத் தேக்கி வைத்திருக்கும். பி.வி.சி. விரிசல் விட்டால் சில்லுசில்லாகத் தெறிக்கும். பைப் மேல் 10 பார் தாங்கும் என்று எழுதியிருப்பது தண்ணீருக்குச் சொன்னது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), காப்பர், இல்லையென்றால் நல்ல பி.யூ. ஹோஸ், இவைதான் சரி. பழைய கேஸ் சிலிண்டரை டேங்காக்கி, ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரோடு இணைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் சத்தமே இல்லாமல் ஓடும், ஏர்பிரஷுக்கு அருமையான வழி, அதைச் செய்கிறவர்களின் கைத்திறன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. சிலிண்டர் மட்டும் கூடாது. அதில் தண்ணீர் வடிக்க வழி கிடையாது, உள்ளே மிச்ச கேஸ் இருக்கலாம், அது நமக்குச் சொந்தமான பொருளும் இல்லை. காற்றுக்கென்றே செய்த சின்ன டேங்க் தனியாகக் கிடைக்கும்.

சத்தத்தைப் பற்றி. மோட்டார் நேராகப் பம்பைச் சுற்றும் டைரக்ட் டிரைவ் மெஷின்கள் நிமிஷத்துக்கு 2,800 சுற்று ஓடுபவை, பக்கத்தில் 90 டெசிபலைத் தாண்டும். சென்னையில் தனி வீடு என்றாலும் காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று நான்கு அடியில் அடுத்த வீட்டு ஜன்னல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வைத்திருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டில் மதியம் கண் அயரும் பெரியவர் ஒருவர் இருப்பார். அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது 1,400 சுற்றில் ஓடும் ஆயில் ஃப்ரீ மெஷின். 60-இலிருந்து 70 டெசிபலுக்குள் நிற்கும், ஆயில் துளியும் வராது. டெஃப்லான் ரிங் தேயும், சில வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ஸ்பேர் சென்னையில் கிடைக்கிற மாடலா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கரண்டு. 2 எச்.பி. என்றால் ஒன்றரை கிலோவாட், ஓடும்போது 10 ஆம்பியர் அளவில் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு கணம் ஐந்தாறு மடங்கு. 16 ஆம்பியர் பாயிண்ட், டி.பி.யிலிருந்து (வீட்டு மின் பெட்டி) தனி வயர், ஸ்டார்ட் ஆகும் கணத்தைத் தாங்கும் சி வகை எம்.சி.பி. பிரேக்கர், இவை இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டக் கூடாது. வேலை செய்யும் இடம் தூரம் என்றால் வயரை நீட்டாமல் ஏர் ஹோஸை நீட்டுங்கள். புறநகரில் பல தெருக்களில் கோடைக்கால ராத்திரி வோல்டேஜ் 200-க்கு வந்துவிடும். மோட்டாரின் முறுக்கு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 230-க்கு 200 என்றால் கால் பங்கு பலம் போய்விடும். மெஷின் உர்ரென்று முனகிக்கொண்டு நின்றால் உடனே அணையுங்கள். மோட்டார் நிற்கும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது பிரஷர் சுவிட்சில் இருக்கும் அன்லோடர் ஹெட்டில் மாட்டிய காற்றை வெளியே விடுவது. கடையில் அந்தச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் அடுத்த ஸ்டார்ட்டில் மோட்டார் அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும், கெப்பாசிட்டர் போகும்.

பழசு வாங்கலாமா என்றால், புதுப்பேட்டையிலும் மூடிய பஞ்சர் கடைகளிலும் நல்ல பழைய பெல்ட் மெஷின்கள் கிடைக்கின்றன. 1960-இல் தொடங்கிய கோயம்புத்தூர் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் போன்றவர்களின் வார்ப்பிரும்புப் பம்புகள் பழசானாலும் ரிங் மாற்றி, வால்வு தட்டு மாற்றி ஓட்டலாம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அந்த வேலை தெரிந்த கைகள் நிறைய. டேங்க் மட்டும் புதிதாக இருக்கட்டும். பழைய டேங்கின் அடிவயிற்றில் ஒட்டுப் பற்று தெரிந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

என் வீடு மடிப்பாக்கத்தில். லாக்கர் அடிப்பேன், ஷெட் தனியாக இருக்கிறது, சத்தம் தெருப் பக்கம் போகும். அதனால் லிங்கிச் செட்டித் தெருவில் அளந்த அந்த 90 லிட்டர் பெல்ட் மெஷினையே எடுத்தேன். 5.7 சி.எஃப்.எம்.முக்கு ஏற்றபடி ஒரு எல்.வி.எல்.பி. கன். மெஷினைத் தரையில் வைக்கவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரில் தெரியும். அதற்கு மேல் ஒரு சிமென்ட் மேடை கட்டி, ரப்பர் பேட் போட்டு நிறுத்தியிருக்கிறேன். சுவரிலிருந்து ஒரு அடி இடைவெளி, பம்ப் ஃபேனுக்குக் காற்று வர.

புது மெஷின் வந்த அன்று அவுட்லெட்டை முழுசாகத் திறந்து வைத்து, அழுத்தம் ஏறாமல் அரை மணி நேரம் ஓட விடுங்கள், ரிங் படியும். ஆயில், வி.ஜி. 100 (கெட்டித்தன்மையின் அளவு) கம்ப்ரஸர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 வேண்டாம், அதில் இருக்கும் டிடர்ஜென்ட் வால்வில் கரியாகப் படியும். ராத்திரி 8 பாரில் நிரப்பி அணைத்துவிட்டு, காலையில் முள்ளைப் பாருங்கள். இறங்கியிருந்தால் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடி, டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிவிடுங்கள். முதல் ஆயில் மாற்றத்துக்கான மணிக்கணக்கு மேனுவலில் இருக்கும், அதைச் சாக்பீஸால் டேங்க் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.